மோசே செய்த பாம்பு

(பங்கின் பவள விழாவையொட்டி நடைபெற்ற நவநாளின் ஐந்தாம் நாள், மாலைத் திருப்பலிக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

விழாக் குழுவினர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு "அன்றாட வாழ்வில் சிலைவழிபாடு" என்பது. தலைப்பைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "கோவிலுக்குள்ளே நாற்புறமும் சுரூபங்கள் நின்று பார்த்துக் கொண்டிருக்க, நடுவிலே நின்று இந்தத் தலைப்பில் பேச உமக்குத் துணிச்சல்தான்" என்றார். நியாயமான கேலி. நம் பிரிந்த சகோதரர்கள் சிலர் நம்மிடம் இதையே கேலியாக அல்ல, குற்றச்சாட்டாகவே சொல்வதுண்டு. ஆகவே சுரூபங்களைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிட்டு, சுரூபம் இல்லாத சிலைகளுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் வாழும் பிற சமயத்துச் சகோதரர்களின் வழிபாட்டைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. பத்துக் கட்டளைகளில் முதல் கட்டளை எகிப்தியருக்குக் கொடுக்கப்பட்டதன்று. எகிப்திலிருந்து மீட்கப்பட்ட மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. இறைவாக்கினர்கள் சிலைவழிபாட்டைக் கண்டித்துத் தொண்டை வற்றக் கத்தியதும் பெரும்பாலும் சொந்த மக்களை நோக்கித்தான். இந்தக் கட்டளை நம் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறது.

சுரூபத்துக்கு வருவோம். 8ஆம் நூற்றாண்டில் கீழைத் திருச்சபையில் திருவுருவங்களை உடைக்கும் பெருங்கலகம் மூண்டது. பேரரசர்களே அதற்குத் தலைமை தாங்கினார்கள். தமஸ்கு நகரத்துப் புனித யோவான் போன்ற அறிஞர்கள் எதிர்த்து எழுதினார்கள். கடைசியில் 787ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நீசேயா பொதுச் சங்கம் தெளிவான முடிவு சொன்னது: ஆராதனை இறைவன் ஒருவருக்கே, திருவுருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரைச் சென்று சேருகிறது. இறந்துபோன தாயின் நிழற்படத்துக்கு மாலை போடுகிற மகன் காகிதத்தையும் கண்ணாடிச் சட்டத்தையும் கும்பிடுகிறான் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

ஆனால் அந்த முடிவோடு திருச்சபை நிற்கவில்லை. நாம் வசதியாக மறந்துவிடுவது அடுத்த பகுதியைத்தான். 1563இல் திரெந்து பொதுச் சங்கம் திருவுருவங்களைக் காத்துப் பேசிய அதே ஆணையில், சுரூபத்துக்குள்ளே ஏதோ தெய்வீக ஆற்றல் குடியிருக்கிறது என்று நம்பி அதனிடம் கேட்பதோ, அதன்மேல் நம்பிக்கை வைப்பதோ கூடாது என்றும் எச்சரித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல், கோவில்களில் திருவுருவங்களை வைக்கும் வழக்கத்தைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு, அளவோடும் முறையோடும் வைக்கச் சொன்னது. அந்த எச்சரிக்கை எதற்கு என்று நமக்கே தெரியும். கேட்டது கிடைக்கவில்லை என்று புனித அந்தோனியாரின் சுரூபத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துத் தண்டனை கொடுக்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? "எங்கள் ஊர் மாதாவுக்குத்தான் சக்தி அதிகம், அந்த ஊர் மாதாவுக்கு அவ்வளவு இல்லை" என்று பேசுகிறவர்கள் இல்லையா? தேவமாதா ஒருவர்தானே! ஊருக்கு ஒருவராக அவரைப் பங்கு போட்ட கணத்தில், நாம் நம்புவது மாதாவையா, மரத்தையும் சாயத்தையுமா?

இதோடு சேர்ந்து வருவதுதான் நேரம் பார்ப்பது. திருமண அழைப்பிதழின் தலைப்பில் சிலுவை இருக்கும். கீழே விவிலிய வசனம் இருக்கும். முகூர்த்த நேரம் மட்டும் இராகு காலம் தவிர்த்துக் குறிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் கழுத்தில் உத்தரியம், இடுப்பில் மந்திரித்த கயிறு. புது வண்டியைக் கோவிலுக்குக் கொண்டுவந்து சுவாமியிடம் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் சொல்வோம். வீட்டுக்குப் போகும் வழியில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குவோம். இரண்டில் ஒன்றாவது காப்பாற்றாதா என்ற கணக்கு. உத்தரியத்தையே தாயத்து மாதிரி அணிகிறவனுக்கு இரண்டுக்கும் வேறுபாடு எப்படித் தெரியும்? இவையெல்லாம் பயத்தில் பிறந்தவை. பயந்தவனைக் கடிந்து பேச எனக்கு மனம் வருவதில்லை. மறைக்கல்வியைச் சரியாகக் கொடுத்தால் இவற்றில் பாதி தானே உதிர்ந்து போகும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து பயத்தில் பிறப்பதில்லை, பெருமையில் பிறக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களைப் பாலைநிலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

எண்ணிக்கை நூலின் 21ஆம் அதிகாரம். இஸ்ரயேல் மக்கள் வழிநடந்து களைத்து முறுமுறுக்கிறார்கள். கொள்ளிவாய்ப் பாம்புகள் கடித்துப் பலர் மடிகிறார்கள். மோசே மன்றாடுகிறார். வெண்கலத்தால் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் ஏற்றி வைக்கும்படி ஆண்டவரே சொல்கிறார். கடிபட்டவர்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைக்கிறார்கள். ஆண்டவரின் கட்டளையால் உருவானது, மோசேயின் கையால் செய்யப்பட்டது, உயிர்களைக் காப்பாற்றியது. நம் ஆண்டவர் இயேசுவே நிக்கதேமிடம் பேசும்போது, தாம் சிலுவையில் உயர்த்தப்படுவதற்கு இந்தப் பாம்பைத்தான் முன்னடையாளமாகக் காட்டினார். இதைவிடப் புனிதமான ஒரு பொருளைக் காண்பது அரிது.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடுகின்றன. யூதா நாட்டில் எசேக்கியா அரசராகிறார். அரசர்கள் இரண்டாம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் செய்தி வருகிறது. அரசர் மேடைகளை அகற்றினார், சிலைத்தூண்களைத் தகர்த்தார், மோசே செய்த வெண்கலப் பாம்பையும் உடைத்துப் போட்டார். ஏனென்றால் அதுவரையிலும் மக்கள் அதற்குத் தூபம் காட்டிக் கொண்டிருந்தார்கள். அதற்கு நெகுஸ்தான் என்று பெயர். எபிரேய மொழியில் பாம்பு என்ற சொல்லும் வெண்கலம் என்ற சொல்லும் ஒலியில் நெருங்கியவை. இரண்டும் கலந்து ஒலிக்கிற பெயர் அது. "வெண்கலத் துண்டு" என்று சொல்லுவது போலவும் காதில் விழும்.

எசேக்கியாவின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பாகாலின் சிலையை உடைப்பது எளிது, அது அந்நியருடையது. மோசேயின் கைபட்ட பொருளை உடைப்பது எளிதா? "எங்கள் முன்னோர் காத்து வந்த சொத்து, ஆண்டவரே செய்யச் சொன்னது, இவர் யார் உடைப்பதற்கு?" என்று எருசலேமிலே எத்தனை பேர் கொதித்திருப்பார்கள்! விவிலியம் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் அந்தக் கூச்சல் காதில் விழாமல் இராது.

நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். கிறிஸ்தவனுடைய வீட்டில் சிலை பெரும்பாலும் அந்நியப் பொருளாக நுழைவதில்லை. ஆண்டவர் தந்த நல்ல பொருள்தான் மெல்ல மெல்ல, நாம் அறியாமலே, ஆண்டவருடைய இடத்தில் போய் உட்கார்ந்து கொள்கிறது. பொன் நல்லது, பிள்ளைகள் நல்லவர்கள், குலமும் உறவும் நல்லவை, கோவில் மிக நல்லது. நல்லது என்பதாலேயே நாம் சந்தேகப்படுவதில்லை.

பொன்னை எடுத்துக் கொள்ளுங்கள். சீனாய் மலையடிவாரத்தில் பொற்கன்று உருவானது எப்படி? பெண்களும் பிள்ளைகளும் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. வரிப்பணம் தர ஓராண்டு அலைய விடும் நம் மக்களைப் போல் அல்லர். ஒரே நாளில் வசூல் முடிந்தது! இன்னொரு செய்தி பலர் கண்ணில் படுவதில்லை. கன்று தயாரானதும் ஆரோன் என்ன அறிவித்தார்? "நாளை ஆண்டவருக்கு விழா" என்றே அறிவித்தார். வேறு தெய்வத்துக்கு விழா என்று அவர் சொல்லவில்லை. பெயர் ஆண்டவருடையது, பலிபீடத்துக்கு முன்னே நிற்பது கன்று. பிறகு மோசே வந்து கேட்டபோது ஆரோன் சொன்ன சாக்கு இருக்கிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பொன்னை நெருப்பிலே போட்டேன், இந்தக் கன்று வெளியே வந்தது என்கிறார்! யாரும் செய்யவில்லையாம், தானாக வந்ததாம். நம் ஊரில் வரதட்சணையைப் பற்றிக் கேட்டால் வருகிற பதிலும் இதே மாதிரிதான்: "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள்."

கிதியோனின் கதை இன்னும் வேதனையானது. வெற்றி பெற்றுத் திரும்பிய அவரை அரசராகும்படி மக்கள் வேண்டினார்கள். ஆண்டவரே உங்களை ஆளுவார் என்று மறுத்தார். எவ்வளவு உயர்ந்த பதில்! ஆனால் அடுத்த மூச்சிலேயே, கொள்ளையில் கிடைத்த காதணிகளைத் தரும்படி கேட்டு வாங்கினார். 1,700 செக்கேல் எடை சேர்ந்தது. நம் கணக்கில் 2,000 பவுனுக்கு மேல். அதைக் கொண்டு ஏபோது என்னும் குருத்துவ உடையைச் செய்து தம் ஊரில் வைத்தார். இறைவழிபாட்டுக்குரிய பொருள்தான். ஆனால் அதுவே இஸ்ரயேலருக்கும் கிதியோனின் குடும்பத்துக்கும் கண்ணியாயிற்று என்று நீதித்தலைவர்கள் நூல் சொல்கிறது.

திருத்தூதர் பவுல் கொலோசையருக்கு எழுதும்போது பேராசையைச் சிலைவழிபாடு என்றே சொல்லிவிட்டார். நம் ஆண்டவரும், கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்றபோது, செல்வத்துக்கு "மாமோன்" என்ற அரமேய்ச் சொல்லை ஒரு எசமானனின் பெயரைப் போல வைத்துப் பேசினார். எசமானன் கட்டளையிடுவான், நாம் கீழ்ப்படிவோம். இந்தக் கோவிலில் மணவோலை மூன்று முறை வாசிக்கப்படுவதற்கு முன்னே, இரு வீட்டாரும் கூடி உட்கார்ந்து எத்தனை பவுன் என்று பேசி முடிக்கிறார்களே, அந்த இடத்தில் கட்டளையிடுகிறவர் யார்? 1961ஆம் ஆண்டிலிருந்தே வரதட்சணை சட்டப்படி குற்றம். சட்டத்துக்கும் பயமில்லை, ஆண்டவருக்கும் பயமில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக் கொள்வார்களோ என்பதற்கு மட்டும் பயம். மகளைக் கரையேற்ற வட்டிக்கு வாங்கி, வட்டி கட்ட முடியாமல் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கே வரக் கூசுகிற தகப்பன்மார்களை நான் அறிவேன். பழங்கால எசமானர்களாவது அடிமைக்குச் சோறு போட்டார்கள்.

பிள்ளைகளின் மதிப்பெண், கைத்தொலைபேசி, நடிகர்களின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவது என்று இன்னும் பல உண்டு. இளைஞர்களைத் திட்டுவதற்கு அவை நல்ல தலைப்புகள். ஆனால் அவற்றைப் பெரியவர்கள் கண்டித்துப் பேசும்போது இளைஞர்கள் மனத்துக்குள் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? "உங்கள் சிலையைப் பற்றி ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்?" என்றே நினைக்கிறார்கள். ஆகவே நம்முடையதைப் பற்றியே பேசுகிறேன். சாதியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஜூபிலி நேரத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். விவிலியத்தில் ஜூபிலி ஆண்டு என்றாலே அடிமைகள் விடுதலை பெறுவதும் இழந்த நிலம் உரியவரிடம் திரும்புவதும்தான். ஆகவே இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

குலம், உறவு, மாமன் மைத்துனன் என்று ஒருவரை ஒருவர் தாங்கிக் கொள்வது நல்லது. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் நம் முன்னோர்களைக் காப்பாற்றியது அந்த உறவுதான். அதுவும் ஒரு காலத்தில் மோசே உயர்த்திய பாம்பு போலத்தான் இருந்திருக்கும் என்று வைத்துக் கொள்வோம். ஆனால் அதற்கு நாம் தூபம் காட்டத் தொடங்கி எத்தனை தலைமுறை ஆயிற்று? 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சிலைவழிபாடு என்பது பொய்த் தெய்வங்களைக் கும்பிடுவது மட்டுமன்று என்று விளக்கி, கடவுளின் இடத்தில் மனிதன் வைக்கும் பொருள்களை வரிசைப்படுத்துகிறது. அதிகாரம், இன்பம், பணம், அரசு ஆகியவற்றோடு இனமும் முன்னோரும் அந்த வரிசையில் இருக்கின்றன. உரோமையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு நம் ஊரைப் பற்றித் தெரிந்திராது. ஆனாலும் நம் ஊரைப் பார்த்தே எழுதியது போல இருக்கிறது.

வடக்கன்குளத்தின் வரலாறு நம் தென்மாவட்டத்துக் கத்தோலிக்கர்கள் எல்லாரும் அறிய வேண்டியது. திருவிதாங்கூர் அரசில் அலுவலராயிருந்த நீலகண்டன் என்பவர், கொலச்சல் போரில் பிடிபட்டுப் பின் அந்நாட்டுப் படைத்தலைவராக உயர்ந்த டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்து, 1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்ற பெயருக்குத் தமிழாகத் தேவசகாயம் என்று அழைக்கப்பட்டார். உயர்குலத்தவரான அவர் எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகினார். எல்லாரும் சமம் என்று போதித்தார். அது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749இல் சிறைப்பட்டு, ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்படிப்பட்ட மறைசாட்சி ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், அடுத்த நூற்றாண்டில் எழுந்த புதிய கோவில் எப்படி இருந்தது? பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்கள் போல் இரு மண்டபங்கள் விரிந்தன. ஒரு சாதியாருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம். நடுவிலே சுவர். குருவானவர் ஒருவர், பலி ஒன்று, அப்பம் ஒன்று. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே திருப்பலி காணலாம். 1910ஆம் ஆண்டளவில் பங்குக் குருவானவர் அந்தச் சுவரை இடித்தார். உடனே என்ன நடந்தது? மனந்திரும்பிக் கட்டித் தழுவினார்களா? இல்லை. சுவரை மறுபடி எழுப்பித் தரச் சொல்லி ஆயர்மீதே வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. கோரிக்கை ஏற்கப்படவில்லை.

எனக்கு அந்த வழக்கைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எசேக்கியாவின் நினைவுதான் வரும். சுவரைக் காக்க வழக்காடியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். செபமாலை தவறாதவர்களாக, தவக்காலத்தில் ஒருசந்தி காத்தவர்களாக, கோவிலுக்கு நிலம் எழுதி வைத்த குடும்பத்தாராகவும் இருந்திருக்கலாம். அவர்கள் எதையெல்லாம் விட்டுக் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்கள், எதை மட்டும் விட்டுக் கொடுக்க முடியவில்லை என்று பாருங்கள். பணத்தை விட்டார்கள், காலத்தை விட்டார்கள், ஆயரோடு உறவையும் விட்டார்கள். சுவரை விட முடியவில்லை. எதற்காக மற்ற எல்லாவற்றையும் விடுவோமோ, அதுதானே நமக்குத் தெய்வம்?

தெய்வம் என்றால் பலி கேட்கும். எருசலேமுக்கு வெளியே இன்னோம் பள்ளத்தாக்கில் தங்கள் புதல்வரையும் புதல்வியரையும் தீயில் பலியிட்டவர்களைப் பற்றி எரேமியா இறைவாக்கினர் நெஞ்சு வெடிக்கப் பேசுகிறார். அது என்றோ நடந்த காட்டுமிராண்டித்தனம் என்று நாம் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். வேறு சாதியில் மணம் செய்ததற்காகப் பெற்ற மகளைத் தகப்பனும் உடன்பிறந்தோரும் சேர்ந்து கொல்வது நம் தமிழ்நாட்டில் இந்த நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது. ஆணவக்கொலை என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருக்கின்றன. மகளைப் பெற்றவனுக்கு மகள்மேல் பாசம் இல்லாமலா இருக்கும்? பாசத்தைவிடப் பெரிய ஒன்று அவனை ஆளுகிறது. அந்த அளவுக்கு நம்மில் யாரும் போகமாட்டோம் என்றே நம்புகிறேன். ஆனால் "அவள் எங்களுக்குச் செத்துப் போனாள்" என்று சொல்லி வீட்டுக் கதவை மூடி, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் வராமல் இருக்கிற வீடுகள் நம் பங்கிலேயே உண்டு. பலி அங்கேயும் நடக்கிறது; புகை வெளியே தெரிவதில்லை.

திருச்சபை இதைப் பற்றிப் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1982இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதிமனப்பான்மைக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை, அது கிறிஸ்தவத்தையே மறுப்பதாகும் என்று அறிவித்தது. 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதே கருத்தை வலியுறுத்தினார். 2022 மே 15இல் தேவசகாயம் புனிதர் பட்டம் பெற்றபோது, முன்பெல்லாம் அவர் பெயரோடு ஒட்டிக் கொண்டிருந்த சாதிப் பட்டம் அங்கே அறிவிக்கப்படவில்லை. உரோமை நகரத்துப் பேதுரு சதுக்கத்தில் நீக்கிய பெயரை நாம் இன்னும் சுவரொட்டியில் சேர்த்து அச்சடித்துக் கொண்டிருக்கிறோம்.

அறிக்கைகள் வந்துவிட்டன. அறிக்கை சுவரை இடிக்காது. யாராவது கடப்பாரையை எடுக்க வேண்டும். இங்கே சுவர் செங்கல்லாலும் ஆனதன்று. கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம் யாரைப் புதைப்பது என்ற பழக்கம், பூசையில் யார் வாசகம் வாசிப்பது என்ற பழக்கம், விழாவில் யார் கொடி ஏற்றுவது, யார் வீட்டு மாலை முதல் மாலை என்ற பழக்கம். "பழக்கம்" என்ற சொல் நம் நெகுஸ்தான். "யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, காலங்காலமாக இப்படித்தான்" என்பது ஆரோனின் சாக்கு. பொன்னை நெருப்பில் போட்டார்களாம், கன்று தானாக வந்ததாம்!

கோவிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 75 ஆண்டுகளுக்கு முன் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய இந்தப் பங்கு இன்று மணிக்கூண்டோடு நிற்பதில் நமக்குப் பெருமை இருப்பது இயல்பே. கட்டியவர்களின் வியர்வையை மதிக்கிறேன். ஆனால் எரேமியா ஆலய வாயிலில் நின்று சொன்னதை மறக்கலாகாது. இது ஆண்டவரின் ஆலயம், இது ஆண்டவரின் ஆலயம் என்று சொல்லிக் கொண்டிருந்தால் மட்டும் போதாது. அந்நியனையும் அநாதையையும் கைம்பெண்ணையும் ஒடுக்கினால் ஆலயம் உங்களைக் காப்பாற்றாது என்றார். ஆலயத்தின் பெயரையே தாயத்தாக்கிக் கொண்டவர்களிடம் அவர் பேசினார். நம் கல்வெட்டில் எந்தப் பெயர் மேலே, எந்தப் பெயர் கீழே என்று மூன்று மாதமாக நடந்து கொண்டிருக்கும் பேச்சுவார்த்தைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். பங்குத்தந்தை அவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் தெரியும் அந்தத் தலைவலி.

இனி, எல்லாரும் மனத்தில் வைத்துக் கொண்டு வெளியே பேசாமல் இருக்கிற செய்திக்கு வருகிறேன். 75 ஆண்டுகளாக நம் தேர் மேலத்தெரு, நடுத்தெரு, கடைத்தெரு என்று சுற்றி வருகிறது. கீழத்தெருவுக்குப் போனதில்லை. கீழத்தெரு மக்கள் முச்சந்தியில் நின்று மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தருகிற வரி மட்டும் எல்லாரும் தருகிற அதே வரிதான். இந்த ஆண்டு தேர் கீழத்தெருவுக்கும் போக வேண்டும் என்று பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. தீர்மானம் வந்த மறுவாரமே வசூல் புத்தகங்கள் சில எழுதப்படாமல் திரும்பி வந்திருக்கின்றன. திருப்பித் தந்தவர்களும் நம் சகோதரர்களே. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களில் சிலரோடு இந்த வாரம் உட்கார்ந்து பேசினேன். யாரும் சாதி என்று சொல்லவில்லை. தெரு குறுகலானது, தேர் திரும்பாது, மின்கம்பி தாழ்வாக இருக்கிறது, மாதாவின் சுரூபத்துக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள்.

கேள்விகளை மதித்து, இளைஞர் இயக்கத்தார் அளவு நாடாவோடு போய் அளந்து வந்திருக்கிறார்கள். தேரின் அகலம், அச்சையும் சேர்த்து, 7 அடி 4 அங்குலம். கீழத்தெருவில் மிகக் குறுகலான இடம் கிணற்றடி. அங்கே 11 அடி இருக்கிறது. நடுத்தெருவில் ரேஷன் கடைக்கு எதிரே 10 அடிதான். அங்கே 75 ஆண்டுகளாகத் தேர் திரும்பிக் கொண்டுதான் இருக்கிறது. மின்கம்பிக்காக ஒவ்வோர் ஆண்டும் மற்றத் தெருக்களில் இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தித் தருகிறார்கள். இந்த முறை விண்ணப்பத்தில் கீழத்தெருவின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கிணற்றடியில் ஒரு வீட்டின் ஓலைச் சாய்ப்பு தெருப்பக்கம் நீண்டிருக்கிறது. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டதற்கு, அதைப் பிரித்துவிடத் தாமே சம்மதித்தார்கள். விழா முடிந்ததும் வேய்ந்து தரும் செலவைப் பேரவை ஏற்றுக் கொள்கிறது.

சனிக்கிழமை இரவு ஆடம்பரத் திருப்பலி முடிந்ததும் தேர் மந்திரிக்கப்பட்டுப் புறப்படும். முதலில் கீழத்தெரு, பிறகு மற்றத் தெருக்கள் என்பது பங்குத்தந்தை அவர்களின் முடிவு. வடம் பிடிக்க 40 பேர் வேண்டும். கீழத்தெருவிலிருந்து 20 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மேலத்தெருவிலிருந்தும் நடுத்தெருவிலிருந்தும் வருகிறவர்கள், இன்று இரவு போகும்போது கோவில் வாசலில் உபதேசியாரிடம் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக் கொள்கிறேன்.